ஏழாவது கட்டம்

திணைக்களத்துப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
கடல் மட்டத்திலிருந்து உயரம்.
எட்டாவது, சரிவு.
ஒன்பதாவது, மூடுபனி நாட்கள்.

ஒகியாவில் வேலை செய்தபோது
யோசிக்காமல் நிரப்புவேன்:
இரண்டாயிரத்து நூறு மீற்றர். செங்குத்து. கணக்கில்லை.
மரையின் மூச்சு அதன் முகத்துக்கு முன்னால்
வெள்ளையாய் நிற்கும் விடியல்களில்
பேனைக்குள் மை இறங்க மறுக்கும்.
அட்டை கடித்த காலை அடுப்பருகே நீட்டியபடி
எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்போது சுண்டிக்குளம்.
மாற்றல் கடிதத்தில் காரணம் இருக்கவில்லை.
என் மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கும் ஒரே மேடு
ஒரு மதகு.
பருந்தைத் தவிர
அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை.

களப்பு வற்றிய ஓரத்தில் உப்புப் பொருக்கு
சப்பாத்தின் கீழ் அப்பளம்போல் நொறுங்குகிறது.
பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன.
எண்ணூற்றுப் பன்னிரண்டு வரை வந்துவிட்டேன்.
கண்டலுக்குள் ஒரு நரி அசைந்தது.
மொத்தமும் எழும்பி, சிவந்து, கறுத்து,
ஒரு வட்டம் போட்டு
அதே சேற்றில் இறங்கிற்று.
ஒன்று.
இரண்டு.

ஏழாவது கட்டத்தில் பூச்சியம் போட்டேன்.
கொழும்பு திருப்பி அனுப்பிற்று:
தவறு, சரிபார்க்கவும்.

படகுக்கார அமலதாஸ் வாய்விட்டுச் சிரித்தான்.
"மலை வேணுமெண்டால் மணற்காட்டுக்கு வாங்கோ மிஸ்.
எங்கட மலை நல்ல மலைதான்.
ஒரு இடத்தில இராது, அவ்வளவுதான்."

போனேன்.
முழங்கால்வரை புதைந்து ஏறினேன்;
ஓரடி வைத்தால் அரையடி திருப்பிக் கேட்கிற ஏற்றம்.
உச்சியில் ஒரு பனை,
கழுத்துவரை மணலில் நின்றது.
குனிந்து அதன் ஓலையைத் தொட்டேன்.
இராவணன் மீசை காற்றில் உருண்டோடிற்று.
அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள்,
இங்கே அது திரண்டு
ஒரு மலையின் ஓரத்தைப் பிடித்து வைத்திருந்தது.
சோழகம் ஒரு பக்கம் தள்ளும்,
வாடை மறுபக்கம் இழுக்கும் என்றான் அமலதாஸ்.
பழைய கோயில் சுவர் ஒரு வருசம் தெரியுமாம்,
மறு வருசம் மணல் மூடுமாம்.

சவுக்கு மரத்தில் கமராவைக் கட்டிவிட்டு வந்தேன்.
ஒன்பது இரவுகள் கழித்து எடுத்துப் பார்த்தேன்:
ஒரு நட்சத்திர ஆமை, பாதி ஓடு மட்டும்.
வாலைத் தூக்கிய புனுகுப்பூனை.
பல்லுத் தெரிய நரி, அதே நரியாகவும் இருக்கலாம்.
பிறகு வெளிச்சம்.
பிறகு வெளிச்சம்.
இரண்டு மஞ்சள் கண்கள், கிட்ட கிட்ட.

படிவத்தில் இனம் என்ற இடத்தில் எழுதினேன்:
டிப்பர்.
எண்ணிக்கை: நான்கு, கூட்டமாக.
நடமாட்டம்: இரவு ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்.
உணவு: மணல்.

அமலதாஸ் வாசித்துவிட்டு இம்முறை சிரிக்கவில்லை.
"என்ர மச்சானும் ஓடுறவன்," என்றான்,
"மூன்றாவது டிப்பர்."
படகின் நங்கூரக் கயிற்றை
அவிழ்த்து, கட்டி, திரும்ப அவிழ்த்தான்.

அன்று மாலை ஒரு கயிறும் ஒரு தடியும் கொண்டுபோய்
தனியாக அளந்தேன்.
பதினொரு மீற்றர்.
அடுத்த கிழமை, அதே பனையின் அருகில்,
பத்தரை.
இப்போது அந்தப் பனையின் மார்பு தெரிந்தது,
வெயிலே படாத பட்டை, ஈரமாய், சாம்பல் நிறத்தில்.

எட்டாவது கட்டத்தில்: சரிகிறது.
ஒன்பதாவதில் மூடுபனியை வெட்டிவிட்டு, புழுதி.
ஏழாவதில் மட்டும்
இலக்கத்தைப் பென்சிலால் எழுதினேன்.
பக்கத்தில் திகதியும் நேரமும்.